கோட்டை வாயிலும் கணிப்பொறி வாயிலும்

செஞ்சியை அடைந்தார்க்கு முதற்கண் தோன்றுவன இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் முக்குன்றங்களும், அவற்றை இணைக்கும் நெடுமதிலுமாம். மதிலினுட் புகுந்தார் அனைவரும் இராஜகிரியின் உச்சியை எய்தியவரல்லர். வாயில்கள் பலவற்றைக் கடந்தபின்னும், ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமுள்ள பிளவொன்று குறுக்கே கிடக்கும். அதன்மேலிட்ட மரப்பாலத்தைக் காவலர் நீக்கியவழி மேற்செல்லல் அரிதாயிற்று. நிற்க.

பலர் கூடிப் பயிலும் கணிப்பொறிக்கும் இத்தகைய வரம்பு இன்றியமையாதது. 1969-இல் தோன்றிய யூனிக்ஸும், 1991-இல் தோன்றிய லினக்ஸும், லினக்ஸின்வழிச் சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய 'பாஸ்' இயங்குதளமும் இவ்வரம்பைப் பயனர், குழு என இருவகையாற் செய்கின்றன. பயனர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. கணிப்பொறி உரிமையை அளப்பது அவ்வெண்ணாலேயன்றிப் பெயராலன்று. சுழியெண் பெற்றவர் 'ரூட்', உச்சிக்குரியார் அவரே.

இனி, ஆணைவரியில் இவற்றை ஆளுமாறு கூறுவாம். ஆணைகள் ஆங்கில எழுத்தில் தட்டப்பெறுவன; ஈண்டு ஒலிப்பே தருகின்றோம். ஒவ்வோர் ஆணையின் முன்னும் 'சூடோ' எனச் சேர்த்து, ரூட் அதிகாரம் பெறுக. செஞ்சி வரலாற்றுக் குறிப்புகளை மாணவர் சிலர் ஒருங்கு தொகுக்கின்றனர் என்று கொள்வோம். 'க்ரூப்ஆட் செஞ்சி' என்பது குழுவை ஆக்கும். 'யூசர்ஆட் -எம் வேலன்' என்பது வேலனுக்குக் கணக்கையும் இல்லக் கோப்புறையையும் அளிக்கும். 'பாஸ்டபிள்யூடி வேலன்' கடவுச்சொல்லை அமைக்கும். 'யூசர்மாட் -ஏஜி செஞ்சி வேலன்' அவனைக் குழுவிற் சேர்க்கும். இதன்கண் 'ஜி' மட்டும் பேரெழுத்து. 'ஐடி வேலன்' என வினவின், அவன் எண்ணும் குழுக்களும் விளங்கும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, மேற்கூறிய ஆணையில் 'ஏ'யை விடுத்து 'ஜி'யை மட்டும் இடின், வேலன் முன்னரே சேர்ந்திருந்த துணைக்குழுக்கள் அனைத்தினின்றும் நீக்கப்படுவான். கணிப்பொறிக் காவலரே தம் பெயர்க்கு இவ்வாறு செய்து, 'சூடோ' குழுவினின்று நீங்குவராயின், பாலத்தை நீக்கிவிட்டுப் பிளவின் இப்புறத்தே நின்றவர் ஆவர்.

இரண்டாவது, பயின்று சென்றாரின் கணக்கைப் பற்றியது. 'யூசர்டெல் வேலன்' என்று வாளா நீக்கின், பெயர் மறையும். கோப்புகள் பழைய எண்ணுடன் எஞ்சும். அவ்வெண் பின்வரும் மாணவர்க்கு வாய்க்குமேல், அறியாதார் ஒருவர் வேலனுடைய கோப்புகட்கெல்லாம் உரியராவர்! ஆதலின், முதற்கண் 'யூசர்மாட் -ஈ 1 வேலன்' எனக் கணக்கை முடிவுறச் செய்க; கோப்புகளைச் 'சௌன்' ஆணையால் உரியார்க்கு மாற்றுக; அதன்பின்னரே நீக்குக.

1750-இல் பூசி என்னும் பிரெஞ்சுத் தளபதி இக்கோட்டையை ஓரிரவிற் கைக்கொண்டார். மதிலும் மலையும் அன்றும் நின்றன. வாயிலின் வலிமை காவலரின் விழிப்பேயாம் என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.