மறைந்து நிற்கும் வர்ணம்

அன்புள்ள தம்பி,

தாடி ஐரிஸ் மலரில் வேண்டிய வர்ணத்தைக் கலப்பினால் வரவழைக்கும் முறையைக் கேட்டு எழுதியிருந்தாய். வேண்டிய வர்ணமெல்லாம் நம் இச்சைக்கு இணங்கி வந்துவிடுவதில்லை. செடியின் குலத்தில் எங்கோ மறைந்து கிடப்பதைப் பிரத்யக்ஷமாக்கவே கலப்பு உதவும் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்.

நீலமும் ஊதாவும் உயிரணுச் சாற்றில் கரைந்திருக்கும் ஆந்தோசயனின் சாயங்களால் உண்டாகின்றன. மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்தவை. இவ்விரு வகையும் ஒரே இதழில் சேரும்போதுதான் பழுப்பும் செம்பழுப்பும் பிறக்கின்றன. தீக்கொழுந்தின் செம்மைக்கு வேண்டிய பெலார்கோனிடின் என்னும் சாயமோ இக்குலத்தில் இயல்பாக இல்லை; ஆகவே, எத்தனை பேர் எத்தனை தலைமுறை பிரயத்தனப்பட்டும், அந்தச் சுத்தச் சிவப்பு கலப்பினால் கைகூடவில்லை.

இளஞ்சிவப்பின் கதை வேறு. 1940-களில் அமெரிக்கரான டேவிட் ஹால் வெளியிட்ட இளஞ்சிவப்பு ஐரிஸ்கள் பெரும் புகழ் பெற்றன. தக்காளியைச் சிவக்கச் செய்யும் லைகோபீனே இவற்றுக்கும் வர்ணம் தருகிறது. ஆனால் உயர்ந்து வளரும் தாடி ஐரிஸில் ஒவ்வொரு பண்புக்கும் நான்கு மரபுக்கூறுகள் உண்டு. அந்நான்கும் இளஞ்சிவப்புக்குரிய கூறாகவே ஒருமித்து அமைந்தாலன்றி இந்நிறம் வெளிப்படாது. ஆகையால், இளஞ்சிவப்பை அக்கூறு சிறிதுமற்ற ஒரு மலரோடு கலந்தால், முதல் தலைமுறையில் ஒன்றேனும் இளஞ்சிவப்பாக இராது. அந்தச் சகோதரச் செடிகளையே தம்முள் கலந்தால் ஏறக்குறைய 36-க்கு ஒன்று தேறும். அம்முதல் தலைமுறைச் செடிகளை இளஞ்சிவப்புப் பெற்றோருடன் மீண்டும் கலந்தாலோ 6-க்கு ஒன்று கிடைக்கும்.

செய்முறை எளிது. காலையில் புதிதாக விரிந்த பூவில், தேனீ வந்து இறங்குமுன், தாழ்ந்து தொங்கும் மூன்று இதழ்களையும் அதன் மகரந்தப்பைகளையும் நீக்கிவிடு. தந்தையாகத் தேர்ந்த மலரின் மகரந்தப்பையை இடுக்கியால் எடுத்து, தாய்மலரின் சூல்தண்டுக் கிளைகளின் அடிப்புறத்தில், நுனிக்குச் சற்று உள்ளே, சிறு மடிப்பாக நீண்டிருக்கும் சூல்முடியில் மெல்லத் தேய். தாயின் பெயரை முன்னும் தந்தையின் பெயரைப் பின்னும் எழுதிச் சீட்டுக் கட்டிவிடு. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய் முற்றிப் பழுப்பேறும். விதைகளை இலையுதிர்காலத்தில் விதைத்தால், குளிர்காலத்தின் ஈரமும் தண்மையும் அவற்றின் உறக்கத்தைக் கலைக்க, வசந்தத்தில் முளைகள் தோன்றும். மலரைக் காண மேலும் ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்து கண்ட முதல் தலைமுறை நீ விரும்பாத நிறத்தில் மலர்ந்ததென்று சலித்து, செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடாதே. கண்ணுக்குப் புலப்படாத நிறக்கூறைச் சுமந்து நிற்பவை அவையே. அவற்றுள் நல்ல தண்டும் நோயற்ற கிழங்கும் உடையவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தயங்காமல் கழித்துவிடு. எது எதோடு கலந்தது என்பதைக் குறிப்பேட்டில் தவறாமல் எழுதிவை. அக்குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் எதைக் கலப்பது என்று உனக்கே தெரியாது போகும்.

அன்புடன்,
உன் நலம் நாடும் நண்பன்