செருப்பைத் தேடிய அறுவை மருத்துவர்

கத்தி பிடித்த ஒரு டாக்டர் செருப்பைப் பற்றி ஏன் கவலைப்பட்டார்? தோழர்களே, இது நம்ம வேலூரில் நடந்த கதை.

1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றி வைத்து நிமிர்த்தினார். ஆனால் நோயாளிகளின் கை, கால்களில் புண் திரும்பத் திரும்ப வந்தது. காரணம் என்ன? நோய் சதையைத் தின்னவில்லை. நரம்பு மரத்து வலி தெரியாததால், முள் குத்தினாலும் அதே காலை ஊன்றி நடந்துகிட்டே இருந்தாங்க. ஆபரேஷன் மட்டும் போதாது, தினசரிப் பாதுகாப்பு வேணும் என்று அவர் புரிந்துகொண்டார்.

அதற்கான மருந்து நாம் படித்த சூத்திரத்தில் இருக்கிறது: அழுத்தம் = விசை ÷ பரப்பு. மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதாவது எம்.சி.ஆர்., உடல் எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும். அதன் கீழே உள்ள கெட்டியான அடித்தட்டு முள்ளைத் தடுக்கும். ஆணி மட்டும் கூடவே கூடாது. தைக்கணும், இல்லை ஒட்டணும். ஆணி மேலே வந்தால் மரத்த காலுக்குத் தெரியாதே! செருப்பு போட்டாலும் தினமும் பாதத்தைப் பார்க்கணும்.

1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், சர்க்கரை நோயால் மரத்த கால்களுக்கும் இதே வழியைக் காட்டினார். 2003-இல் மறைந்தார்.

ஆம்பூர் ஷூ கப்பலேறுது, பெருமைதான். ஆனால் நம்ம தெருவிலும் மரத்த கால்கள் நடக்கின்றன. தோல் ஷாப்பில் நாள் முழுக்க நிற்கிற எங்கப்பாவுக்கும் சர்க்கரை. நான் அளவெடுத்துச் செய்யும் முதல் ஜோடி அவருக்குத்தான்.