கணிப்பொறி ஏன் தாமதிக்கிறது?

நம் அங்கத்தினர் இல்லங்களில் கணிப்பொறி இன்று அரிய பொருளன்று. நூல் வாங்கிய கணக்கும், விளைபொருள் விற்ற கணக்கும், பிள்ளைகளின் பாடமும் அதில் இடம் பெற்றுவிட்டன. வாங்கிய புதிதில் விரைந்து இயங்கிய யந்திரம், சில ஆண்டுகள் சென்றதும் பொத்தானை அழுத்தியபின் பல நிமிடங்கள் காத்திருக்கச் செய்கிறது. "பழையதாகிவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று யோசனை கூறுவோர் பலர். பல ஆயிரம் ரூபாய்க் கடனில் இறங்குமுன், தாமதத்தின் காரணத்தை ஆராய்தல் அறிவுடைமையாகும்.

காரணம் யாது?

நாம் புதிதாகச் சேர்க்கும் நிரல்களுள் பல, கணிப்பொறி திறந்தவுடன் தாமும் இயங்குமாறு தம்மைப் பதிவு செய்துகொள்கின்றன. நாம் அழைக்காமலே அவை எழுந்து, திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கிணற்று நீரைப் பத்து வாய்க்கால்களில் ஒருங்கே திறந்துவிட்டால் கடைமடை காய்வது போன்றதே இது. 4 ஜிகாபைட் நினைவகமுள்ள யந்திரத்தில் அது விரைவில் நிரம்பிவிடும். நிரம்பியபின் மிகுதியை வட்டில் வைத்து எடுக்க நேரிடுகிறது. வட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. தாமதம் அங்கேதான் பிறக்கிறது.

கண்டறியும் முறை

விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' தோன்றும். விண்டோஸ் 10-இல் அது சிறியதாகத் தோன்றினால் 'மோர் டீடெயில்ஸ்' என்பதை அழுத்துக. 'பிராசஸஸ்' பகுதியில் 'மெமரி' என்னும் தலைப்பை அழுத்தினால், நினைவகத்தை மிகுதியாக உண்ணும் நிரல்கள் மேலே வரிசையாக நிற்கும்.

அடுத்து, 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குச் செல்க. தாமே எழும் நிரல்களின் பட்டியல் அங்கே உள்ளது. 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்னும் பத்தியில் 'ஹை' என்றிருப்பின், அந்நிரல் தொடக்கத்தில் செயலகத்தின் நேரத்தில் 1 விநாடிக்கு மேலோ, வட்டில் 3 மெகாபைட்டுக்கு மேலோ எடுத்துக்கொள்கிறது என்பது பொருள். வேண்டாத நிரலின்மீது வலப்பக்கம் சொடுக்கி 'டிஸேபிள்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இதனால் அந்நிரல் அழிவதில்லை. நாம் அழைக்கும்போது வரும். மீண்டும் 'எனேபிள்' செய்யவும் இயலும்.

எதை நிறுத்தலாம், எதை நிறுத்தலாகாது?

விளையாட்டு, பாட்டு, அரட்டை ஆகியவற்றுக்கான நிரல்களைத் தயக்கமின்றி நிறுத்தலாம். வைரஸ் தடுப்பு நிரலைத் தொடலாகாது. இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டெழுத்து நிரலை நிறுத்தினால், அதைத் தனியே திறக்கும்வரை தமிழில் எழுத இயலாது. ஒன்டிரைவ் போன்ற சேமிப்பு நிரல் நம் கணக்குகளின் பிரதியை வெளியிடத்தில் காத்து வருமாயின் அதையும் விட்டுவைக்க வேண்டும். அதை நிறுத்தியபின் வட்டு பழுதானால், ஓராண்டுக் கணக்கும் மறைந்துபோகலாம். சில விநாடி மிச்சத்திற்கு அத்தகைய இழப்பு ஈடாகாது.

'பிராசஸஸ்' பகுதியில் 'எண்ட் டாஸ்க்' என்னும் கட்டளை உண்டு. அது ஓடும் நிரலை அக்கணமே வெட்டிவிடும். சேமிக்காத வேலை போய்விடும். உறைந்து நின்ற நிரலுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துக. 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று பலமுறை காணப்படுபவை பெரும்பாலும் விண்டோஸின் சொந்தப் பணியாளர்கள். அவற்றைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். பெயர் புரியாத நிரலாயின், 'பப்ளிஷர்' பத்தியில் வெளியிட்டோர் யாரெனப் பார்த்து, அறிந்தோரைக் கேட்டபின்னரே கை வைத்தல் நலம்.

பலனை அளத்தல்

மாற்றத்திற்கு முன்பும் பின்பும் திறக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்க. ஒரு முறைக்கு ஓரிரு நிரல்களை மட்டும் நிறுத்தி, அவற்றின் பெயரை ஏட்டில் எழுதுக. பின்னர் 'ரீஸ்டார்ட்' செய்து பார்க்க. ஏதேனும் கோளாறு தோன்றினால், எதை மீட்பது என்பது ஏட்டிலிருந்தே விளங்கும்.

இவ்வளவு செய்தும் தாமதம் நீங்காவிடில், சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி வட்டைப் பொருத்தலாமா, நினைவகத்தைக் கூட்டலாமா என்று விசாரிக்கலாம். பெரும்பாலும் இவை புதிய யந்திரத்தின் விலையில் ஒரு பகுதிக்கே முடியும். இவையும் பயன்படாதபோதுதான் புதியது வாங்குவதைப் பற்றி எண்ண வேண்டும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நினைவகம் நிரம்பியபின் கணிப்பொறி ஏன் மெதுவாகிறது?
2. 'டிஸேபிள்', 'எண்ட் டாஸ்க்' ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் இல்லத்துக் கணிப்பொறியில் தாமே எழும் நிரல்கள் எத்தனை? அவற்றுள் எவை உங்களுக்கு நாள்தோறும் தேவை?