செல்போன் விளையாட்டும் கை நீட்டும் பழக்கமும்



இடைவேளையில் யாராவது சண்டை போட்டால் போதும், "எல்லாம் செல்போன் கேம் பண்ற வேலை" என்று சொல்லிவிடுகிறோம். இது உண்மையா? படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் போலீசார் பப்ஜி விளையாட்டுக்குத் தடை போட்டார்கள். விளையாடிய மாணவர்களைக் கைதுகூடச் செய்தார்கள். 2020 செப்டம்பர் 2-இல் மத்திய அரசும் பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் பிள்ளைகளின் சண்டை அல்ல, நாட்டின் பாதுகாப்பு!

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2019-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் 14, 15 வதுள்ள சுமார் 1,000 பேரை ஆராய்ந்தார்கள். நம்ம வயசுதான். வன்முறை விளையாட்டுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல், கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் பெரிய வன்முறைக்கு விளையாட்டுதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

நம் ஊரையே பாருங்கள். 2018 ஏப்ரலில் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பீரங்கி, துப்பாக்கி எல்லாம் நிஜமாகவே வந்தன. பார்த்தவர்கள் எல்லாம் சண்டைக்காரர்கள் ஆகிவிட்டார்களா?

"ஒருநாள் பார்ப்பது வேறு, தினமும் விளையாடுவது வேறு" என்பீர்கள். சரிதான். விளையாட்டை நிறுத்த முடியாமல், படிப்பும் மற்ற வேலைகளும் கெட்டுப்போய், இதே நிலை பொதுவாகக் குறைந்தது 12 மாதம் நீடித்தால் அதை நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ராத்திரி தூங்காதவனுக்குக் காலையில் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஆனால் ஒருவன் கை நீட்டுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். வீட்டில் அவனே அடி வாங்கியிருக்கலாம். யாராவது பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கலாம். "கேம்தான் காரணம்" என்றால் விசாரணை அங்கேயே முடிந்துபோகிறது. அடித்தவனும் மாறுவதில்லை, அடி வாங்கினவனுக்கும் நியாயம் கிடைப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. படுக்கும்போது போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவோம்.

2. தோற்ற கோபம் தணியும்வரை தம்பி தங்கையிடம் வாய் கொடுக்காமல் இருப்போம்.

3. சண்டை நடந்தால் "என்னடா ஆச்சு?" என்று இருவரிடமும் கேட்போம். ஆசிரியர்களும் அப்படியே கேட்க வேண்டுகிறேன்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஆனால் எல்லா வயிற்றுவலிக்கும் அமிர்தத்தையே குறை சொல்லலாமா? சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி