பாடசாலையில் டிஜிட்டல் குடியுரிமை: உதவித்தொகையோடு கலாநிதி ஆய்வு செய்யத் திருகோணமலை ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிஜிட்டல் குடியுரிமையையும் தரவு ஒழுக்கநெறியையும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதைக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய விரும்பும் ஆசிரியர்கள் பெரும்பாலும் உதவித்தொகை அறிவித்தல்களைத் தேடுவதில்தான் தொடங்குகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் கேள்வி, பிறகு பணம். நல்ல கேள்வி கையில் இருந்தால் மேற்பார்வையாளர் கிடைப்பார். அவர் கிடைத்தால் பணத்துக்கு வழி பிறக்கும்.

படி 1: கேள்வியை ஊரிலேயே தேடுங்கள்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளைக் கவனியுங்கள். பிள்ளையின் படம், முழுப் பெயர், பாடசாலை, புள்ளி எல்லாம் மாலைக்குள் ரியூசன் வகுப்பின் முகநூல் பக்கத்தில் ஏறிவிடும். சில நாளில் அதுவே சந்தியில் பதாகையாகத் தொங்கும். பத்து வயதுப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. வெட்டுப்புள்ளியைத் தொடாத பிள்ளையின் புள்ளியும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அந்தப் பிள்ளை மறுநாள் அதே வகுப்பில் வந்து உட்கார வேண்டும். இதைச் செய்பவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பெருமையில் செய்கிறார்கள், வழக்கம் என்பதால் செய்கிறார்கள். நல்லெண்ணத்தோடு நடக்கும் இந்தத் தனியுரிமை மீறலைத்தான் ஆராய வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்களும் பெருந்தொகையாக வாழும் இடம் இது. இங்கே ஒருவரின் பெயரே அவருடைய இனத்தையும் மதத்தையும் பெரும்பாலும் சொல்லிவிடும். போர்க் காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுத்துப் பழகிய தலைமுறைதான் இன்று பெற்றோராகவும் பாட்டன் பாட்டியாகவும் பாடசாலைப் படிவங்களில் கையொப்பமிடுகிறது. கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று ஊறிப்போன மனத்திடம் ‘சம்மதம்’ கேட்பது எப்படி? ஐரோப்பியப் பேரவை டிஜிட்டல் குடியுரிமைக் கல்வியைப் பத்துத் துறைகளாக வகுத்திருக்கிறது. தனியுரிமையும் பாதுகாப்பும் அதில் ஒன்று. ஆனால் நம் ஊர்ப் பெற்றோரின் இந்த மனநிலையை உங்களைப் போன்றவர்கள்தான் எழுத வேண்டும். உங்கள் முன்மொழிவின் பலமே அதுதான்.

படி 2: சட்டத்தை நேரடியாக வாசியுங்கள்

இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். சுகாதாரத் தரவு, உயிரியல் அடையாளத் தரவு ஆகியவற்றோடு பிள்ளை ஒருவர் தொடர்பான தரவையும் அது சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. அதாவது, வகுப்பு இடாப்பும் வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் சாதாரணத் தாள்கள் அல்ல. அடுத்து 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பேச்சுரிமை சார்ந்து அதன்மேல் எழுந்த கடுமையான விமர்சனங்களையும் சேர்த்தே வாசியுங்கள்.

வெளியுலகில் இரண்டு ஆவணங்கள் கட்டாயம். ஒன்று, டிஜிட்டல் சூழலில் சிறுவர் உரிமைகள் பற்றி ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு 2021இல் வெளியிட்ட 25ஆவது பொதுக் கருத்துரை. மற்றது, கொவிட் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த இணையவழிக் கல்விச் சாதனங்களை ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் 2022இல் வெளியிட்ட அறிக்கை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிள்ளைகளைக் கண்காணித்தன அல்லது கண்காணிக்கக்கூடியவையாக இருந்தன என்று அது கண்டது. ஆய்வாளர்களில் லண்டன் பொருளியல் பள்ளியின் சோனியா லிவிங்ஸ்டனிலிருந்து தொடங்கலாம்.

படி 3: கேள்வியைச் சுருக்குங்கள்

‘இலங்கைப் பாடசாலைகளில் டிஜிட்டல் குடியுரிமை’ என்பது தலைப்பு. அதை ஆராய முடியாது. ‘மூதூர், கிண்ணியா வலயங்களின் தரம் 9 குடியியற் கல்வி ஆசிரியர்கள் மாணவரின் தனிப்பட்ட தரவைப் பற்றி எப்போது, எப்படிப் பேசுகிறார்கள்?’ என்றால் மூன்று ஆண்டில் முடிக்கலாம். இந்த விடயம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு உரியதா, குடியியற் கல்விக்கு உரியதா என்ற இழுபறியே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. கணினி அறைக்குள் மட்டும் இதை அடைத்துவிட்டால் கடவுச்சொல் பாடமாகச் சுருங்கிவிடும் என்பது என் கருத்து.

படி 4: தகுதியும் பணமும்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். பாடநெறியாக மட்டும் முதுமாணி முடித்தவர்களின் விண்ணப்பம், ஆய்வு அனுபவம் குறைவு என்று தட்டிக்கழிக்கப்படலாம். அப்படியானால் முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்து பின்னர் உயர்த்திக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். உள்நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் கல்விப் பீடங்கள் உண்டு. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடமும் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. வெளிநாடு போனாலும் இந்த வளாகத்திலுள்ள ஒருவரை உள்ளூர் இணை மேற்பார்வையாளராகக் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு உதவியில் இரண்டு வகை. முதலாவது, ஆய்வுத் திட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கும். நீங்கள் ஒரு வேலைக்குப் போல விண்ணப்பிக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொலோடோவ்ஸ்கா-கியூரி கலாநிதி வலையமைப்புகள் இந்த வகை. சம்பளம் உண்டு; எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆய்வு செய்யப்போகும் நாட்டில் முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஊரில் இருப்பவருக்கு இது சாதகம். யூராக்செஸ் தளத்தில் இந்த இடங்கள் அறிவிக்கப்படும். இரண்டாவது, உங்கள் சொந்த முன்மொழிவுக்குக் கிடைப்பது. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் உதவித்தொகை, இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக வரும் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகைகள் ஆகியவற்றை இதில் பாருங்கள். மெக்ஸ்டுக்கு வயதெல்லை உண்டு.

அரச ஆசிரியர்கள் கற்கை விடுமுறையையும் திரும்பி வந்து பணியாற்றும் பிணை ஒப்பந்தத்தையும் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள். உதவித்தொகை கிடைத்த பிறகு விடுமுறைக்கு ஓடுவது பெரிய அலைச்சல்.

மேற்பார்வையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் ஒரு திரைக்குள் அடங்கட்டும்: நீங்கள் யார், என்ன கண்டீர்கள், கேள்வி என்ன, அவருடைய எந்த வேலையோடு அது சேர்கிறது. பெறுபேற்றுப் பதாகையைப் பற்றி மூன்று வரி எழுதினால் அவர் மேலே வாசிப்பார்.

படி 5: அனுமதியும் களமும்

பல்கலைக்கழக ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி முதலில். பிறகு மாகாணப் பாடசாலை என்றால் திருகோணமலையிலேயே உள்ள கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம். தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சு. அதிபரைத் தனியாகச் சந்தித்துச் சொல்லுங்கள். கடிதம் மட்டும் போதாது.

சம்மதப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பேச்சுக்கு நெருக்கமாக எழுதுங்கள். ‘விருப்பமில்லை’ என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தப் படிவத்தை வகுப்பாசிரியர் வழியாகச் சேகரிக்காதீர்கள். ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டுமென்றால் பெற்றோர் மறுக்கமாட்டார்கள். பெற்றோர் ஒப்பமிட்டாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்.

பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறையாது. ‘கடலோரச் சிறிய பாடசாலையின் ஒரே ஐ.சி.டி. ஆசிரியை’ என்று எழுதினால் வலயம் முழுவதும் அவர் யாரென்று தெரிந்துவிடும். சிறிய மாவட்டத்தில் ஆய்வு செய்பவருக்கு இதுதான் மிகப் பெரிய சிக்கல். பாடசாலையின் அளவு, இடம், பாடம் ஆகியவற்றில் எதை விடலாம் என்று ஒவ்வொரு பந்தியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். குரல்பதிவுகளைக் கைப்பேசியிலோ வட்ஸ்அப்பிலோ வைத்திருக்காதீர்கள். கடவுச்சொல்லிட்ட வன்தட்டுக்கு அன்றே மாற்றுங்கள். பதிவுகளை எந்தத் திகதியில் அழிப்பீர்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். அந்தத் திகதி வந்ததும் அழித்துவிட்டு, அழித்த செய்தியைப் பாடசாலைக்கு ஒரு கடிதத்தில் அறிவியுங்கள்.