படத்தில் இருந்தது, எழுத்தில் இல்லை



ஆலங்காயத்துக்கு மேலே, மலை ஊர்ப் பெரியவர் ஒருவரின் கன்னத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த ஸ்லைடைப் பார்த்து, மெர்க்கெல் செல் புற்றுநோய் என்று நீங்கள் கண்டுபிடித்த கேஸ் ரிப்போர்ட்டைப் படித்தேன், தம்பி. வலியே இல்லாமல் கிடுகிடுவென்று வளர்ந்து நிணநீர்க் கணுக்களுக்கு ஓடிவிடும் பொல்லாத கட்டி. வெள்ளைத் தோல்காரர்களின் வியாதி என்று படித்துவிட்டு, நம் பக்கத்தில் அதை யாரும் தேடுவதே இல்லை.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். 'உப்பும் மிளகும் தூவியது போன்ற குரோமேட்டின்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே பார்த்தீர்கள்? எல்லா ஸ்மியரையும் காற்றில் உலர்த்திக் கீம்சா சாயம் போட்டதாக நீங்களே முந்தின பத்தியில் சொல்கிறீர்கள். அந்தப் பொடிப்பொடியான குரோமேட்டின், ஸ்லைடை ஈரத்தோடு ஆல்கஹாலில் போட்டு, பாப் சாயம் ஏற்றினால்தான் துலங்கும். கீம்சாவில் நியூக்ளியஸ் பெரிதாகப் பரவி வழவழவென்று ஒரே ஊதாவாக நிற்கும். கண்ணில் பட்டதை விட்டுவிட்டுப் புத்தகத்தில் படித்ததை எழுதிவிட்டீர்கள்.

உங்கள் இரண்டாவது படத்தைப் பார்த்ததும் கோபமே வந்துவிட்டது. இடது ஓரத்தில் நாலைந்து செல்கள். நியூக்ளியஸை ஒட்டி, அதில் லேசாகக் குழி விழும்படி, வெளிறிய உருண்டைப் பொட்டு. லென்ஸ் வைத்தும் பார்த்தேன், சந்தேகமே இல்லை. செல்லுக்குள் இருக்கும் இழைகள் சுருண்டு திரண்ட குவியல் அது. கீம்சா போட்டதன் பலனே அதுதான். அதைப் பற்றி ஒரு வரி கிடையாது! பிறகு செல் பிளாக்கில் சி.கே.20 சாயம் போட்டு, நியூக்ளியஸ் பக்கத்தில் பழுப்புப் பொட்டு தெரிந்ததென்று அரைப் பக்கம் கொண்டாட்டம். அதே குவியல்தானே தம்பி? பழுப்பில் வந்தால் சான்று, கீம்சாவில் வந்தால் அழுக்கா?

டோக்கர் 1972-ல் ஐந்து நோயாளிகளை வைத்து இந்தக் கட்டியை முதன்முதலில் எழுதியபோது அவருக்கு சி.கே.20 கிடையாது. வியர்வைச் சுரப்பியிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்தார். 1978-ல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நரம்புச் சுரப்புத் துகள்கள் தெரிந்த பிறகுதான் மெர்க்கெல் செல் பக்கம் பார்வை திரும்பியது. இந்தக் கட்டியோடு தொடர்புள்ள வைரஸ் சிக்கியது 2008-ல். எங்கள் வாத்தியாரிடம் இருந்ததெல்லாம் ஒரு மைக்ரோஸ்கோப்பும் கீம்சா பாட்டிலும்தான். புதூர்நாடு, ஜமுனாமரத்தூர்ப் பக்கம் முகாமுக்குப் போனால் மழைக்காலத்தில் ஸ்மியர் காயவே காயாது. மெல்லக் காய்ந்தால் செல்லின் உருவமே கெட்டுவிடும். அதற்காகவே பையில் பனையோலை விசிறி ஒன்று வைத்திருப்பார். ஸ்லைடு இழுத்த மறு நொடி விசிற வேண்டும்; அது என் வேலை. கை ஓய்ந்தால் திட்டு விழும்.

ஊசியை அவரே போடுவார். 23 கேஜ் ஊசி மட்டும், சிரிஞ்ச் கிடையாது. ரத்தம் அதிகம் கலக்காது. கட்டி கல்லா, களியா என்பது விரலுக்கே தெரிந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் ஊசி போட்டது யார் என்றே இல்லை. வார்டிலிருந்து ஸ்லைடு வந்தது, நீங்கள் பார்த்தீர்கள், அப்படித்தானே? ஸ்லைடு பார்ப்பவரே ஊசியும் போட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் கிறுக்கன் என்ற பெயரே உண்டு. இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. நுரையீரல் புற்றைக் காட்டிக்கொடுக்கும் டி.டி.எஃப்-1 சாயம் நெகட்டிவ் என்று வந்த பிறகும் விடாமல் நெஞ்சுக்கு சி.டி. எடுக்கச் சொல்லி, நுரையீரலில் எதுவும் இல்லை என்று பார்த்த பின்னரே பெயர் வைத்திருக்கிறீர்கள். நுரையீரலின் சிறுசெல் புற்று தோலுக்கு வந்தால் ஸ்லைடில் அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும். அந்தப் பொறுமைக்கு உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மூன்றாவது முறை குத்தி எடுத்ததை முழுக்கச் செல் பிளாக்குக்கு ஒதுக்கிய புத்தி, தலை நரைத்த பலருக்கே வருவதில்லை.

உப்பு மிளகு வரியை அடித்துவிடுங்கள். இரண்டாவது படத்தில் அந்தப் பொட்டுக்கு அம்புக்குறி போடுங்கள். பெரியவரின் காதோரத்தையும் கழுத்தையும் தடவிப் பார்த்தீர்களா என்பதும் ரிப்போர்ட்டில் இல்லை. அடுத்த தடவை வரும்போது நீங்களே தடவிப் பாருங்கள். நெறி கட்டியிருந்தால் அங்கேயும் நீங்களே ஊசி போட்டு, இரண்டு ஸ்லைடு கீம்சாவுக்கு, இரண்டு பாப்புக்கு. படங்களை எனக்கு அனுப்புங்கள்.