வாட்ஸ் கணக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு மைக் செட் கட்டுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. 250 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் என்றால் 25 வாட்ஸ் குழாய் ஸ்பீக்கர் பத்து மாட்டலாம். பதினொன்றாவது கூடாது. தெரு நீளத்துக்கு ஒயர் இழுத்துப் பழகிய கைகளுக்கு இந்தக் கூட்டல் மனப்பாடம், அது சரியான கூட்டலும்கூட. அதே கணக்கைச் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள சிறிய பஜனைக் கூடத்துக்குள் கொண்டுபோகும்போதுதான் ஆம்ப் புகைகிறது. அங்கே பாடகர் பக்கத்தில் இருப்பது கிட்டார் ஆம்போ கீபோர்டு ஆம்போதான். கூட்டம் திண்ணைவரை வந்துவிட்டால் இன்னொரு ஸ்பீக்கர் சேர்க்கலாமே என்று தோன்றும். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் கணக்கு வேறு.

மைக் செட்டின் நீண்ட ஒயரில் ஓடுவது 100 வோல்ட் லைன். 250 வாட்ஸை 100 வோல்ட்டில் அனுப்ப இரண்டரை ஆம்பியர் போதும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு நேரே அனுப்பினால் ஏறக்குறைய 8 ஆம்பியர் ஆகும். கரண்ட் குறைவதால் ஒயரில் இழப்பும் குறைகிறது. ஒவ்வொரு குழாயோடும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் சேர்ந்திருக்கும். எத்தனை வாட்ஸ் எடுக்கலாம் என்பதை அதுதான் அளந்து விடுகிறது. அதனால்தான் வாட்ஸைக் கூட்டினால் போதும். இசைக்கருவி ஆம்பில் ஸ்பீக்கருக்கு இந்தத் தடுப்பு கிடையாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஓம்ஸ்.

இங்கேதான் மிகப் பரவலான தவறு நடக்கிறது. இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் போட்டால் 16 ஓம்ஸ் ஆகும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக, சீரீஸில் கட்டினால் அது உண்மை. ஆம்பின் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஜாக்குகள் பெரும்பாலும் பேரலல். அதில் 8-ம் 8-ம் சேர்ந்தால் 4. இரண்டு 4 சேர்ந்தால் 2. எட்டோடு நான்கு சேர்ந்தால் 2.7-க்குக் கீழே இறங்கிவிடும்; அதோடு 4 ஓம்ஸ் பெட்டி மற்றதைவிட இரண்டு மடங்கு பவரை இழுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் ஆம்பின் பின்புறம் ‘குறைந்தது 4 ஓம்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால், அதற்குக் கீழே போகும்போது அளவுக்கு மீறிய கரண்ட் ஓடி அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடாகும். கோடை மாதத்தில், மின்விசிறி இல்லாத மூலையில் அந்தச் சூடு தணியவும் வழியில்லை. கூடுதல் ஜாக்கைச் செருகியதும் உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும் ஆம்ப்களும் உண்டு. துண்டிக்கப்படாதவையும் உண்டு. கையேட்டைப் பார்க்காமல் இதை ஊகிக்கவே கூடாது.

பெட்டியில் ஓம்ஸ் எழுதியது அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். 6 என்று காட்டும். உடனே ஸ்பீக்கர் பழுது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பழுதில்லை, அது 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்தான். மீட்டர் அளப்பது சுருளின் வெறும் கம்பித் தடையை மட்டும். அது எப்போதும் எழுதியிருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

பெரிய வாட்ஸ் ஸ்பீக்கரைப் போட்டால் சின்ன ஆம்ப் எரிந்துவிடும் என்ற பயம் வீண். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸ், அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. 50 வாட்ஸ் ஆம்பில் 200 வாட்ஸ் ஸ்பீக்கர் நிம்மதியாக ஓடும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. அஹூஜா போன்ற மைக் செட் ஆம்ப்களின் பின்னால் 4, 8, 16 ஓம்ஸ் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் முனைகளும் வரிசையாக இருக்கும். சத்தம் கூடும் என்று 8 ஓம்ஸ் கிட்டார் பெட்டியை 100 வோல்ட் முனையில் திருகினால், முழு வோல்ட்டேஜில் அந்தப் பெட்டி கேட்பது 1250 வாட்ஸ். 250 வாட்ஸ் ஆம்பால் அதைக் கொடுக்க முடியாது. சுருள் கருகும், அல்லது ஆம்ப் போகும்.

வெளிநாட்டு இசைக்கலைஞர்கள் அதிகம் வந்து தங்கும் பகுதி என்பதால் வால்வு ஆம்பும் இங்கே கண்ணில் படலாம். "ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் ஆம்புக்கு ஓய்வுதானே?" என்ற பேச்சு டிரான்சிஸ்டருக்குப் பெரும்பாலும் பொருந்தும், வால்வுக்கு நேர் எதிர். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் எகிறி, காப்புப் பூச்சைத் துளைத்துப் பொறி பறக்கும். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவது சின்னச் செலவு அல்ல. மார்ஷல் ஆம்பின் பின்னால் 4, 8, 16 என்று தேர்வு இருப்பது, பெட்டிகளின் மொத்த ஓம்ஸோடு பொருத்துவதற்காக. இரண்டு 16 ஓம்ஸ் பெட்டி என்றால் 8-ல் வைக்க வேண்டும்.

ஜாக் பொருந்தினால் ஒயரும் சரி என்று நினைப்பதும் ஆபத்து. வீணை காண்டாக்ட் மைக்குக்கும் கிட்டாருக்கும் போகும் ஒயரின் நடுவில் இருப்பது மெல்லிய கம்பி. அது மில்லிவோல்ட் சிக்னலுக்கானது. 100 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் ஸ்பீக்கர் ஒயரில் 5 ஆம்பியர் ஓடும். மெல்லிய ஒயர் சூடாகும், அறுந்தால் வால்வு ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமலே ஓடும். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் டூ-கோர் ஒயர் சிறிய கூடத்துக்குப் போதும். செருகுவதும் பிடுங்குவதும் ஆம்பை அணைத்த பிறகுதான், ஏனென்றால் ஜாக் உள்ளே நுழையும் நொடியில் ஷார்ட் ஆகலாம்.

இத்தனையும் செய்து இரண்டாவது பெட்டி போட்டால் சத்தம் இரட்டிப்பாகுமா? ஆகாது. பவர் இரண்டு மடங்கானால் ஏற்றம் 3 டெசிபல்தான். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஆகவே திண்ணையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் பவர் வேண்டாம், ஸ்பீக்கர் பக்கத்தில் வந்தால் போதும். ஆம்பில் லைன் அவுட் இருந்தால், அதிலிருந்து ஒயர் இழுத்து, தனக்கென்று ஆம்ப் உள்ள பவர்டு ஸ்பீக்கர் ஒன்றைத் திண்ணையருகே வைக்கலாம். அப்போது ஓம்ஸ் கணக்கே தேவைப்படாது. அந்த இணைப்புக்குக் கிட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரே போதும். போடும்போது பவர்டு ஸ்பீக்கரைக் கடைசியாகப் போட வேண்டும், அணைக்கும்போது அதைத்தான் முதலில் அணைக்க வேண்டும்.